புதுசா ஒன்னு

“ஆருக்காச்சும் புதுசா ஏதாச்சும் தெரியுமாடி?”

முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி ஜீப் முதல் வளைவில் முக்கிக்கொண்டு திரும்பும்போது சந்திரவல்லியின் குரல் எழும்பும். விடிந்தும் விடியாத வேளை. ஒன்பது பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினாறு பெண்கள். பாதிப் பேர் அடுத்தவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். மடியில் சோற்றுத் தூக்கு, அதன்மேல் மழைக்கென்று மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள். போடியிலிருந்து மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். கேள்விக்கு முதலில் கிடைக்கும் பதில் கொட்டாவிதான்.

“காலங்காத்தால ஆரம்பிச்சுட்டாய்யா” என்பாள் மொக்கம்மாள். இருபது வருடமாகப் பக்கத்து இருக்கைக்காரி. அலுத்துக்கொண்டாலும் சொல்லாமல் இருக்கமாட்டாள். “எங்க வீட்டுக் கோழி முட்டையிட்டுட்டுக் கத்துது, சரி. இந்தச் சேவல் ஏன்டி கூடச் சேந்து கத்துது? முட்டையிட்டது இவனா? நேத்துதான் கவனிச்சேன்.”

சந்திரவல்லி சிரிக்கமாட்டாள். “தெனமும் கத்துதா, நேத்து மட்டுமா?” என்று கேட்டுக்கொள்வாள். வீட்டில் அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் ஜீப் ஓட்டும் பால்பாண்டி, “அக்கா, ஆக்டோபசுக்கு மூனு இதயமாம்” என்றான்.

“ஆரு சொன்னா?”

“வாட்சப்புல வந்துச்சு.”

“வாட்சப்புன்னா வேணாம் தம்பி. அவரு நம்ப மாட்டாரு.”

பால்பாண்டிக்கு ரோசம் வந்துவிட்டது. மகளை அனுப்பி அவளுடைய அறிவியல் டீச்சரிடம் கேட்டுவரச் செய்து, அது மெய்தான் என்று இரண்டு நாள் கழித்து வந்து சொன்னான். அதற்குப் பிறகுதான் அந்த மூன்று இதயங்களும் மலையிறங்கிப் போடிக்கு வந்தன.

‘அவரு’ என்பது மலைச்சாமி, அவள் கணவன். ஏலச்செடிக்கு வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும். அதனால் மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் ஏறி, கணக்காகக் கிளை கழித்துவிடுவார்கள். அந்த வேலையில் மலைச்சாமி கெட்டிக்காரன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு வைகாசியில், நின்றுகொண்டிருந்த கிளையோடு கீழே வந்தான். உயிர் மிஞ்சியது. இடுப்புக்குக் கீழே அசைவோ உணர்வோ மிஞ்சவில்லை.

அதற்கு முன்பு அவன் எப்படிப்பட்டவன் என்பதை மொக்கம்மாள்தான் சொல்வாள். வடை மடித்துக் கொடுத்த தாளைக்கூட எண்ணெயோடு விரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவான். பஸ்சில் பக்கத்தில் இருப்பவனிடம் ஊர், தொழில், கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்பதுவரை விசாரித்துவிடுவான். சந்திரவல்லி அதற்கு நேர் எதிர். “எம் பொண்டாட்டி முன்னால யானையே போனாலும், கேட்டாத்தான் சொல்லுவா” என்று அவனே கேலி செய்வான். நாலாம் வகுப்போடு நின்றவள். காய் பார்ப்பாள், பறிப்பாள், பைக்குள் போடுவாள். வேறெதையும் பார்த்ததில்லை.

விழுந்த பிறகு அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். ஜன்னலோரம் கட்டில். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டும். அதையும் பார்க்காமல் உள்சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பான். வைத்தால் சாப்பிடுவான். அவள் வருவதும் போவதும் அவனுக்கு ஒன்றுதான். பதினோரு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு சாயங்காலம், காலைக் கழுவிக்கொண்டே அவள் யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னாள். “இன்னைக்கு ஒரு நத்தை ஜீப்புத் தடத்தைக் கடந்துச்சு. அது அந்தப் பக்கம் போறதுக்குள்ள எங்க சாப்பாட்டு நேரமே முடிஞ்சு போச்சு.”

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “எம்புட்டு நேரம்?”

பதினோரு மாதத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி. அவள் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

“நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேங்க” என்றாள்.

மறுநாள் நத்தை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைப் பார்த்து வந்தாள். அன்றிலிருந்து நாளுக்கு ஒன்று. அவன் தலைமாட்டில் வைத்த காப்பியை எடுக்குமுன் கேட்பான்: “என்ன புதுசு, கொண்டா.”

கொண்டுபோவது எளிதாக இல்லை. கேட்டதை மறந்துவிடுவாள் என்பதால், செடிக்கடியில் குனிந்து காய் எடுக்கும்போது நாள் முழுக்க வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மந்திரம் முணுமுணுப்பதுபோல் இருக்கும். சில நாள் காய் எடுப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்பாள். “எந்தா சேச்சி, காய் மேலேயா காய்க்குது?” என்பார் மலையாளத்து சூப்பர்வைசர். ஏலக்காய் செடியின் காலடியில், மண்ணை ஒட்டித்தான் காய்க்கும். இருபது வருடம் அதைப் பறித்தவள், பூவும் அங்கேதான் தரையோடு தரையாகப் பூக்கிறது, தேனீ அவ்வளவு கீழே இறங்கித்தான் அதைத் தேடுகிறது என்பதை அவனுக்குச் சொல்லவேண்டித்தான் ஒருநாள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். “இத்தன வருசம் அதுங்க வேலை செஞ்ச எடத்துலதான் நானும் செஞ்சிருக்கேன்” என்று மொக்கம்மாளிடம் வியந்தாள்.

அவனுக்கு இரண்டு வகை உண்டு: கேட்டது, பார்த்தது. பார்த்தது என்றால் கண் விரியும். குறுக்கு விசாரணை செய்வான். எந்தப் பக்கம், என்ன நிறம், எத்தனை, அப்புறம்? மழைக்காலத்தில் ஒருமுறை, அட்டை கடிக்கும்போது வலிக்காமல் இருப்பதற்கு அதன் எச்சிலில் மரத்துப்போக வைக்கிற ஏதோ இருக்கிறதாம் என்று, தோட்டத்துக்கு வந்த நர்சு சொன்னதைக் கொண்டுபோனாள். மலைச்சாமி தன் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அப்ப எனக்கு ஒரு பெரிய அட்டை கடிச்சிருக்குன்னு வச்சுக்கோ” என்றான்.

விழுந்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தாள். அவளும் சிரித்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அவனுடைய அக்கா மகன் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். தொட்டால் உலகமே வரும் என்றான். மலைச்சாமி பதினைந்து நாள் பார்த்தான். பிறகு தலையணைக்கு அடியில் போட்டுவிட்டான். ஏன் என்று கேட்டாள்.

“அது எல்லாத்துட்டயும் சொல்லுது. நீ ஏங்கிட்ட மட்டுந்தான சொல்றே.”

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். மலையில் கண்ணைத் திறந்து எதையும் பார்க்கவில்லை. ஜீப்பில் கேட்கவும் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து, தேவாரம் ஊர்ப்பக்கம் தோப்புக்குள் வந்த யானை வாழையை எல்லாம் விட்டுவிட்டு ஒரு வீட்டு வாசலில் கோலப்பொடியை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம் என்று சொன்னாள். அவன் கேட்கக் கேட்க, யானைக்கு ஒரு தந்தம் ஒடிந்திருந்தது, கோலம் தாமரைக் கோலம் என்று வளர்ந்துகொண்டே போயிற்று. எல்லாம் கேட்டுவிட்டு அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

“கொதிக்குது. படு. பொய்யின்னாலும் நல்லாத்தான் இருக்கு.”

அவள் பொய் சொன்னது அந்த ஒருமுறைதான். ஆனால் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு.

போன வருடம் சூப்பர்வைசர் அவளைத் தோட்டத்தின் மேல் கோடிக்கு மாற்றினார். அவன் விழுந்த அந்த மரம் அங்கேதான் நிற்கிறது. ஏழு வருடமாக அந்தப் பக்கம் போகாமல் தப்பித்துக்கொண்டிருந்தவள், முதல் நாள் தலையைத் தூக்காமலே காய் எடுத்தாள். இரண்டாம் நாள் பார்த்தாள். அன்றைக்கு வீட்டில் எறும்பைப் பற்றி ஏதோ சொன்னாள். மறுநாள் மேகத்தைப் பற்றி. மூன்றாம் நாள் அவனே கேட்டுவிட்டான்.

“வல்லி, மூனு நாளா எதையோ முழுங்கிட்டுப் பேசுறே. என்னது?”

அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். “மேல்கோடிக்கு மாத்திட்டாங்க. அந்த மரத்தப் பாத்தேன்.”

விசாரணை மெதுவாகத் தொடங்கியது.

“நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“கெளை ஒடிஞ்ச எடம்?”

“துளிரு விட்டு, இப்ப என் கை தடிமனுக்குக் கெளையா வந்திருச்சுங்க. பழைய காயம் தெரியல. சுத்திப் பட்டை வளந்து மூடிருச்சு.”

மலைச்சாமி ஜன்னல் பக்கம் பார்த்தான். சுவரையும் குழாயையும் பார்த்தான்.

“அதுக்கு ஆறிருச்சு” என்றான்.

அவ்வளவுதான். காப்பி ஆறிப்போயிருந்தது. அவள் எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். அவன் குடித்தான்.

ஐப்பசி மழையில் அவனுக்குப் படுக்கைப் புண் முற்றிக் காய்ச்சல் வந்தது. தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு நாள். அவள் மலைக்குப் போகவில்லை. அவன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். கொண்டுபோக அவளிடம் ஒன்றுமில்லை. அவள் பார்ப்பதைத்தான் அவனும் பார்க்கிறான். நாலாம் நாள் அவன் கையசைத்துக் கூப்பிட்டான்.

“இன்னைக்கு நான் சொல்றேன்.” குரல் உள்ளேயே கிடந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள். “அந்தக் கண்ணாடி போட்ட நர்சம்மா, ஊசி போடுறதுக்கு முன்னாடி தன் மூச்சப் புடிச்சுக்கிருது. போட்டு முடிச்சப்புறந்தான் விடுது. நாலு நாளா பாத்தேன்.”

அடுத்த முறை ஊசி போட வந்தபோது சந்திரவல்லி நர்சம்மாவின் முகத்தையே பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். சரிதான் என்று கண்ணால் அவனிடம் சொன்னாள். அவனும் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆறாம் நாள் காலை குழாயடியில் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து கூப்பிட்டார்கள்.

காரியம் முடிந்து, இருபதாம் நாள் மறுபடி ஜீப் ஏறினாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? யாரும் அவளிடம் துக்கம் கேட்கவில்லை. எல்லாம் முன்பே கேட்டாயிற்று. தள்ளி உட்கார்ந்து அவளுடைய பழைய இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். முந்தல் வந்தது, முதல் வளைவு வந்தது. சந்திரவல்லி ஒன்றும் கேட்கவில்லை. மொக்கம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பால்பாண்டி பாட்டுப் பெட்டியைக்கூடப் போடவில்லை. பதினாறு பெண்களும் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மேலே போனார்கள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஒன்றரை மாதம் அந்த வண்டியில் புதிதாக யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

தை பிறந்ததும் தேவாரத்திலிருந்து காளீஸ்வரி என்றொரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பது வயதிருக்கும், கலகலவென்ற வாய். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. இரண்டாவது நாளே வண்டியின் மௌனம் பொறுக்காமல் பேச ஆரம்பித்தாள்.

“எம் மக நேத்து சத்தம்போட்டுப் படிச்சா. ஒட்டகச்சிவிங்கி இருக்குல்ல, அதுக்கு அம்புட்டு நீளக் கழுத்துல எலும்பு ஏழுதானாம். மனுசனுக்கும் ஏழுதானாம். ஆச்சரியமா இல்ல?”

மொக்கம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள். காளீஸ்வரி ஒன்றும் புரியாமல் விழித்தாள். கண்ணாடியில் பால்பாண்டியின் கண் பின்னால் வந்து போனது. எல்லோரும் சந்திரவல்லியைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஒரு வளைவு திரும்பியது. இன்னொரு வளைவு. கீழே போடி, பனிக்குள் ஒன்றிரண்டு விளக்குகளாகத் தெரிந்தது.

சந்திரவல்லி ஒரு கையால் கொண்டையைத் தூக்கிப் பிடித்தாள். மற்றக் கையின் ஆள்காட்டி விரலைப் பிடரியில் வைத்து, மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தாள். உதடு அசைந்தது. நாலாவதில் வண்டி குலுங்கி விரல் நழுவிவிட்டது. மறுபடி மேலே போய், முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.