துணிக்கொடி காப்பாற்றிய சைப்ரஸ்

தை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது கிலோ எடையுள்ள ஒரு மரத்தை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து பிரம்மதேசம் போய்வந்தேன். தட்டையான சிமெண்ட் தொட்டியில் நிற்கும் சைப்ரஸ் போன்சாய், உயரம் இருபத்திரண்டு அங்குலம். என் மொட்டை மாடியில் இருக்கும் பதினோரு தொட்டிகளில் இதுதான் ராஜா. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். விழுப்புரம் வெயிலில் ஒரு சைப்ரஸை மூன்று கோடை தாண்ட வைத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு ஒன்றுதான் எனக்கு ஊர் சுற்றும் நாள். வழக்கமாக மரங்களைப் பார்க்கப் போவேன், இந்த முறை மரத்தைக் காட்டப் போனேன். காட்ட வேண்டிய வீட்டில் மூன்று வருடங்களுக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வந்திருந்தேன். அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. மரம் பிழைத்த பிறகு பேசலாம் என்று ஒரு வருடம் போனது, அழகாக வரட்டும் என்று இரண்டு வருடம் போனது. உண்மையில் அவர்கள் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

காலை 6.40க்கு விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறினேன். திண்டிவனத்துக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், சரியாக ஒரு மணி நேரம். பக்கத்து சீட்டு அம்மா இலையைக் கிள்ளிப் பார்த்து, "பிளாஸ்டிக்குங்களா?" என்றார்.

"நிஜ மரம்ங்க. பதிமூணு வயசு ஆவுது."

"இன்னும் வளரலியா? பாவமே!" என்று உச்சுக் கொட்டினார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும் வரைக்கும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அருகே நான்கு இட்லி, ஒரு காபி, அறுபது ரூபாய். 8.20க்கு மரக்காணம் போகும் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ்தான், ஆனாலும் கண்டக்டர் என் முன்னால் வந்து நின்றார்.

"உங்களுக்கு டிக்கெட் வாணாங்க. மரத்துக்கு லக்கேஜ் போடணும், பதினஞ்சு ரூபா."

"மடியிலதானே வச்சிருக்கேன்?"

"பேஜாரு பண்ணாதம்மா. புள்ளைய வச்சிருந்தா உட்ருவேன், மரத்த எப்படி உடறது?"

கொடுத்தேன். எனக்கு இல்லாத டிக்கெட் என் மரத்துக்குக் கிடைத்ததே என்று அதை மடித்து பர்ஸில் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

பஸ் போகிற வழியெல்லாம் சவுக்குத் தோப்பு. அதைப் பார்க்கப் பார்க்க அந்தப் பழைய மார்கழி மாதம் ஞாபகம் வந்தது. இந்த வலைப்பூவைப் படிக்கும் ஒரு பெண், சென்னையில் வேலை பார்ப்பவள், எனக்கு எழுதியிருந்தாள். பிரம்மதேசம் பக்கத்தில் அப்பாவின் நிலத்து வீட்டு முன்னால் ஆறு சைப்ரஸ் மரங்கள் இருக்கின்றன, பத்து வயது. வீட்டை முன்னால் இழுத்துக் கட்டப் போகிறார்கள், திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது, அதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. பத்து வயது அடிமரம்! நர்சரியில் தேடினாலும் கிடைக்காது. ஞாயிறு காலையிலேயே மினி லாரி பிடித்துப் போய் இறங்கினேன்.

அங்கே ஆறு மரங்களும் மொட்டைக் கம்பங்களாக நின்றன. அவளுடைய அப்பா ஏழுமலை நான்கு ஏக்கர் சவுக்கு வைத்திருப்பவர். சவுக்கில் பக்கக் கிளையைக் கழித்துவிட்டால் மரம் நேராகக் கம்பு போல வளரும், விலையும் போகும். விருந்தாளி வண்டியில் ஏற்ற சிரமப்படக் கூடாதே என்று, அதே மாதிரி சைப்ரஸையும் கழித்து, தலையையும் இடுப்பளவுக்கு வெட்டி வைத்திருந்தார். உதவி என்று நினைத்துத்தான் செய்தார். ஆனால் வேம்பு, புளி மாதிரி இல்லை சைப்ரஸ். பச்சை இல்லாத கட்டையிலிருந்து அது துளிர்க்கவே துளிர்க்காது.

"மரத்தப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்? ஆறு உயிரைக் கொன்னுட்டீங்களே!" என்று கத்தினேன். வாழ்நாள் முழுக்க மரம் வளர்த்தவரிடம், மாடியில் தொட்டி வைத்திருக்கும் நான் சொன்னேன்.

அவர் மனைவி அஞ்சலைதான் கடைசி மரத்தைக் காட்டினார். அதில் முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு பச்சைக் கிளை மிச்சம் இருந்தது. அந்தக் கிளையிலிருந்து வீட்டுத் தூணின் உச்சிக்குச் சாய்வாக நைலான் கொடி, கொடியின் மேல்பாதியில் ஈரப் புடவைகள். "தொவச்சது காயட்டும், அப்பால வெட்டுய்யான்னு சொன்னேங்க. அதான் உட்டுட்டாரு," என்றார். துணி காய்வதற்குள் நான் போய்ச் சேர்ந்திருந்தேன்.

ஏழுமலை கடப்பாரையை எடுத்து இரண்டு மணி நேரம் சுற்றிலும் தோண்டி, வேர் மண் உதிராமல் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினார். நான் நன்றிகூடச் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

பிறகு செய்ததெல்லாம் என் கைவேலை, அதில் எனக்குப் பெருமைதான். ஆற்று மணல், செங்கல் ஜல்லி, மட்கிய இலை கலந்து நட்டேன். ஒரு வருடம் முழுக்க நிழல் வலைக்கு அடியில் வைத்து, கத்தரிக்கோல் படாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் வருடம் அந்த ஒற்றைக் கிளைக்குக் கம்பி சுற்றி, மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி வளைத்தேன். கிளைக்குக் கீழே அடிமரத்தில் ஒரு கீற்றுப் பட்டை மட்டும் உயிரோடு இருந்தது. உச்சியில் செத்த கட்டையை ஒரு முழம் குறைத்து, செத்த பக்கத்தின் பட்டையை உரித்து, சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த கரைசலைப் பூசினேன். அழுகிய முட்டை நாற்றம் தாங்காமல் கீழ் வீட்டுக்காரர் சாக்கடை அடைத்திருப்பதாக ஆள் கூட்டிவந்துவிட்டார். ஆனால் காய்ந்ததும் அந்தக் கட்டை எலும்பு மாதிரி வெளுத்து, இடி விழுந்து பிழைத்த மலைமரம் போல ஆகிவிட்டது. கிளையில் கொடிக்கயிறு அறுத்த தழும்பு இருந்தது. அதைப் பின்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார் புதுச்சேரி நண்பர் ஒருவர். நான் முன்பக்கமாகத்தான் வைத்தேன்.

9.10க்கு பிரம்மதேசத்தில் இறங்கி, ஒரு கிலோமீட்டர் நடந்தேன். ஒன்பது கிலோவை மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன். ஏழுமலை வாசலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், முகத்தில் சிரிப்பு இல்லை. வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு எனக்கு மறந்துபோனது. தொட்டியைத் தரையில் வைத்துவிட்டு, "அன்னிக்கு நான் பேசினது தப்புங்க," என்றேன்.

அவர் குந்தி உட்கார்ந்தார். மரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வெளுத்த கட்டையில், தன் கத்தி பட்ட ஒவ்வொரு கணுவாக விரல் வைத்துக்கொண்டே போனார்.

"இந்த வெள்ளையா நிக்கிறதெல்லாம் நான் கழிச்சதுதானேங்க மேடம்?"

"ஆமாங்க. நீங்க கழிச்சதுதான். பாக்கறவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் அழகுன்னு சொல்றாங்க."

"மூணு வருசமா மரம் நின்ன பக்கம் போகசொல்ல எல்லாம் மனசு கேக்கல," என்றவர், அப்போதுதான் சிரித்தார். "எம்மே, இங்க வா! நம்ம மரம் வந்துக்கீது!"

அஞ்சலை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். வந்ததும் தழும்பைக் கண்டுபிடித்துவிட்டார். "இது என் கொடி கட்ன எடம்! நான் கட்டலன்னா இது ஏது?" என்று புருஷனிடம் சண்டைக்குப் போனார். வேகவைத்த மல்லாட்டை வந்தது, டீ வந்தது. வெட்டியது நான்தான் என்று அவரும், காப்பாற்றியது நான்தான் என்று இவரும் பேசித் தீர்த்தபிறகு அஞ்சலை என் பக்கம் திரும்பினார்.

"அவரு கழிச்சாரு, நான் கொடி கட்னேன். நீங்க இன்னா பண்ணீங்க மேடம்?"

கம்பி, கந்தகம், நிழல் வலை என்று எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"தண்ணி ஊத்தினேங்க," என்றேன்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். கண்டக்டர் வேறு ஆள், மரத்துக்கு அதே பதினைந்து ரூபாய்.

யாராவது இப்படி நிலத்தில் நிற்கும் சைப்ரஸை எடுக்கப் போவதாக இருந்தால் மார்கழி, தை தவிர வேறு மாதம் வேண்டாம். போவதற்கு முன் போன் செய்து, எதையும் வெட்டி வைக்காதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் காய்ந்து பழுப்பாகிவிடும், இளசாக இருக்கும்போது விரலால் கிள்ளுங்கள். டவுன் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பிரம்மதேசத்தில் சோழர் காலத்துக் கோயில் இருக்கிறது, மரத்தைச் சுமந்துகொண்டு போனதால் நான் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள். மற்றபடி சைப்ரஸுக்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். வெட்ட ஒரு ஏழுமலை, தடுக்க ஒரு அஞ்சலை, தினம் தண்ணீர் ஊற்ற என்னை மாதிரி ஒருத்தி இருந்தால் போதும்.