சேவுகப்பெருமாள் வீட்டு எர்த் குழி

கோட்டையூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் சேவுகப்பெருமாள். மனுஷன் வாயைத் திறந்தால் யாரையாவது திட்டத்தான் திறப்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. பக்கத்துப் பாதியில் இருக்கும் அவர் தம்பி மருதுபாண்டியை அதைவிடப் பிடிக்காது. அப்பா கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டதிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை.

சேவுகப்பெருமாளின் பிழைப்பு பழைய ஆஸிலாஸ்கோப்புகளோடு. கரண்ட் அலையடிப்பதைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி அது. கல்லூரி ஆய்வகங்கள் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து வந்து முன்னறையில் பிரித்துப் போடுவார். கெட்டுப்போன பெட்டிக்கு நேராகக் கரண்ட் கொடுக்கவே மாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்துத்தான் கொடுப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். மங்கி அடங்கினால் மேற்கொண்டு பார்க்கலாம். பார்த்துக்கொண்டே, தனக்கு முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்தவனின் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார். "ஈயத்தை அள்ளி அப்பியிருக்கான் பாரு, களிமண்ணுன்னு நெனச்சுட்டான் போல."

போன சித்திரையில் அவர் தொட்ட பெட்டியெல்லாம் கடித்தது. தகர உடம்பில் விரல் பட்டால் சுருக்கென்று ஷாக். கெபாசிட்டர் கசிகிறது என்று ஒவ்வொன்றாக மாற்றினார். கடித்தது. வயரை மாற்றினார். அப்போதும் கடித்தது. தரையை ஈரமாக விட்டாள் என்று மனைவி ரோகிணியோடு சண்டை போட்டார். கோளாறு தன் வீட்டில் இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மருதுபாண்டியின் மனைவி சத்தியப்பிரியாவை வாஷிங் மெஷின் கடித்தது. "எங்கண்ணன் செய்வினை வச்சுட்டான்" என்று மருதுபாண்டி தெருவெல்லாம் சொன்னான். மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டினான்.

எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிக் கடிக்குமா என்று சேவுகப்பெருமாளுக்கு ஒருவழியாகப் புத்தி வந்தது. அதே குண்டு பல்பை எடுத்து, ஒரு வயரைப் பிளக் பாயின்ட்டின் கரண்ட் ஓட்டையிலும் இன்னொன்றை எர்த் ஓட்டையிலும் செருகினார். எரியவேண்டிய பல்பு எரியவில்லை. வீட்டுக்கே எர்த் இல்லை. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் குழி தம்பி பக்கத்தில் இருந்தது. சுவரேறி எட்டிப் பார்த்தார். குழி இருந்த இடத்தில் கார் நிறுத்தத் தளம் போட்டிருந்தான் மருதுபாண்டி. அறுந்த கம்பி மூலையில் கிடந்தது. பாகம் பிரித்தபோது கிணற்றையும் புளியமரத்தையும் ஞாபகமாக எழுதியவர்கள் இதை மறந்துவிட்டார்கள். இரண்டு பாதிக்கும் எர்த் அது ஒன்றுதான்.

சேவுகப்பெருமாள் தன் முன்வாசலில், சுவரோரமாகப் புதுக் குழி தோண்டினார். இரும்புக் குழாயை இறக்கி, மண்ணில் ஈரம் நிற்கச் சுற்றிலும் கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.

"அங்குட்டும் ஒரு கம்பி இழுத்து விடுங்க. பிரியா ஈரக்கையோட தொடுற மிஷினு," என்றாள் ரோகிணி.

"அவன் வந்து கேக்கட்டும்."

"கேக்கணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலேன்னா கடி வாங்கட்டும்."

மறுநாள் காலையில் மருதுபாண்டி வந்தான், கடப்பாரையோடும் நாலைந்து ஆட்களோடும். மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். கரி, உப்பு, சுவரோரத்துக் குழி. செய்வினைக்கு வேறு சாட்சி வேண்டுமா அவனுக்கு? தெருவே திரண்டு நின்றது. குழாயைப் பிடுங்கி எறிந்தான். கரியை வாரித் தெருவில் இறைத்தான். சேவுகப்பெருமாள் வாசற்படியில் கைகட்டி நின்றார். இது எர்த் குழி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

"நல்லாத் தோண்டுடா. இன்னும் ஆழமாத் தோண்டு," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

கூட்டத்தில் நின்ற சத்தியப்பிரியாவிடம் ரோகிணிதான் போனாள்.

"பிரியா, இனிமே மிஷினத் தொடாத. செய்வினையும் இல்ல ஒண்ணும் இல்ல. கசியிற கரண்டு மண்ணுல எறங்க ஒங்க பக்கம் ஒரு குழி இருந்துச்சு. தளம் போடயில ஒன் வீட்டுக்காரரு அதப் பேத்துப்புட்டாரு. இப்ப எங்களதையும் பேத்துப்புட்டாரு. அவரு தெரியாமச் செஞ்சாரு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். நீ செத்து விழுந்தப்புறம் சொல்லிக்கிரலாம்னு இருக்காரு."

மருதுபாண்டி கடப்பாரையைக் கீழே போட்டான். சத்தியப்பிரியா அவனைப் பார்க்கவில்லை. சுவர் எழும்பும் வரை தன் கையால் சாப்பிட்ட சேவுகப்பெருமாளைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் இருந்தீகளா, மாமா?"

ஊரில் உள்ள அத்தனை பேரின் தப்பையும் கண்டுபிடிக்கிற மனுஷன் படியிறங்கி, குனிந்து, தெருவில் சிதறிக் கிடந்த கரியைப் பொறுக்க ஆரம்பித்தார். யாரும் கூடப் போய்ப் பொறுக்கவில்லை. நானும் போகவில்லை.