மணி கீழே போடாத தேனடை

போன வாரம் கிழக்கேகோட்டையில் சர்பத் குடித்துக்கொண்டிருந்தோம், நானும் நண்பன் மணியும். மணிக்குச் சாலை பஜாரில் ஜவுளிக் கடை. கிளாஸ் விளிம்பில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான்... புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ் ஒன்றில் தாவி ஏறிவிட்டான். அவன் வீடு கரமனை. பஸ் போனதோ பேட்டைக்கு!

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் மணிக்குப் பெண் பார்க்கப் போனக்காடு என்கிற மலை ஊருக்குப் போனோம். பெண்ணின் அப்பா அங்கே தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். எஸ்டேட்டைத் தாண்டினால் ரிசர்வ் காடு. கோடாலி படாத பெரிய பெரிய மரங்கள். நடுப்பகலிலும் தரையில் ஈரம் காயாது. அந்த மரங்களடியில், குடைந்த கட்டைகளில், தாத்தா காலத்திலிருந்து தேனீ வளர்க்கிற குடும்பம் அது.

மணி முகத்தில் பவுடர், கழுத்தில் ஜவ்வாது, சட்டையில் அத்தர். வித்துராவில் ஜீப் ஏறும்போதே டிரைவர் தும்மினார். செக்போஸ்ட்டில் இருந்த ஃபாரஸ்ட் கார்டு, "காட்டுக்கா சாரே, கல்யாணத்துக்கா?" என்றார். இரண்டுக்கும்தான் என்றேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மாப்பிள்ளையாக வருகிறவர் சொஜ்ஜி, பஜ்ஜியோடு தப்பிக்க முடியாது. காட்டுக்குள் கூட்டிப்போய்க் கூட்டைத் திறப்பார்கள். முதல் அடையை அவர் கையில் வாங்கிவந்து பெண்ணிடம் தர வேண்டும். மணி கம்பீரமாகக் கையை நீட்டினான். எவ்வளவு புகை போட்டு என்ன? அத்தர் வாசனைக்குக் கூடே கிளம்பி வந்துவிட்டது. எல்லோரும் ஓடினோம் – பெண்ணின் அப்பா உட்பட. மணி மட்டும் அடையோடு நின்றான்.

வீடு திரும்பியபோது அவனுக்குக் கண் எது, கன்னம் எது என்று தெரியவில்லை. ஏற்கெனவே பல இடங்களில் தட்டிப்போன ஜாதகம். இதுவும் போச்சு என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பெண்ணின் அம்மா சுண்ணாம்பு தடவிக்கொண்டே, இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாமே என்று இழுத்தார்.

பெண் உள்ளேயிருந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"எனக்குச் சம்மதம்பா. இவ்வளவு கொட்டியும் அடையைக் கீழ போடலியே."

வீரம், பொறுமை, பொறுப்பு... ஒரு தேனடையில் பெண்கள் என்னவெல்லாம் பார்த்துவிடுகிறார்கள்! இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் இந்தக் கதையைச் சொல்வாள். மணி அடக்கமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். மாமனார் வீட்டுக்கு மட்டும் அடைமழைக் காலத்தில்தான் போவான். அப்போது கூட்டைத் திறக்கமாட்டார்கள்.

அன்றைக்குத் திரும்பும்போது ஜீப்பில் என் காதோரம் அவன் சொன்னது இது: "கீழ போடணும்னுதான் பாத்தேன்டே. பயத்துல விரல் விரியல்ல."

அவன் மனைவிக்கு இது தெரியாது – இந்த வாரம் இதைப் படிக்கும் வரை.