முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து

பரமசிவம் அண்ணன் போய்விட்டார் என்று கமலம் அண்ணி தொலைபேசியில் சொன்னபோது நான் ரவாங்கில், அலுவலகக் கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். "மத்தியானம் சோறு சாப்பிட்டுட்டு நாற்காலியில சாஞ்சாரு குணா. தே தண்ணி போட்டுட்டு வந்து எழுப்புறேன், எழும்பல. கஷ்டப்படல, அது போதும்" என்றார் அண்ணி. அழுதார்தான். ஆனால் குரலிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. எனக்கும் முதலில் வந்தது அழுகையல்ல. அப்பாடா என்றுதான் இருந்தது.

செகிஞ்சானில் சனிக்கிழமைதோறும் பழைய வண்டியைப் பழுதுபார்க்கக் கூடும் உங்களுக்கு இது புரியும். மற்றவர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்க வேண்டாம். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு, ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும் நான் பயந்தது ஒரே செய்திக்குத்தான். வண்டியை ஓட்டாமலே, டயாலிசிஸ் படுக்கையில், அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி. அது வரவில்லை.

வண்டி என்றால் ஃபெரட். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, பிரிட்டிஷ் காலத்துச் சின்னக் கவச வண்டி. பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த அதை அண்ணன்தான் கண்டுபிடித்தார். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தவர். பழைய ராணுவ வண்டி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. நிறுத்த இடம் கொடுத்தவர் சீன நெல் விவசாயி ஆ ஹோக். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். அவருடைய நெல் கொட்டகையில், மூட்டைகளுக்கு நடுவே ஃபெரட் குடியேறியது.

ஒருமுறை கோலசிலாங்கூரில் பழைய வண்டிக் கண்காட்சி. வண்டி இன்னும் ஓடவில்லை, லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். இந்த வட்டாரக் காட்டில் கம்யூனிஸ்டுகளைத் துரத்திய வண்டி என்று பலகையில் எழுதுங்கள், கூட்டம் வரும் என்றார் ஏற்பாட்டாளர். எனக்கும் ஆசைதான். அண்ணன் மறுத்துவிட்டார். "இது எங்க ஓடிச்சுன்னு நமக்கே தெரியாது. யாரத் துரத்துச்சுன்னு கதை கட்ட வேணாம். உள்ள உக்காந்தவன் வேர்த்து வழிஞ்சான், இப்போதைக்கு அது ஒண்ணுதான் நிச்சயம் லா." பலகையில், 'இந்த வண்டி எங்கே ஓடியது என்று தேடிக்கொண்டிருக்கிறோம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று எழுதி வைத்தார். பணி ஓய்வு பெற்ற மலாய் ராணுவக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, சாயங்காலம்வரை எங்களோடு உட்கார்ந்து பேசினார். நமது வண்டியைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வேர்வை விஷயத்தில் அண்ணன் சொன்னது சரி என்றார்.

ஃபெரட்டின் கியர் மற்ற வண்டிகளைப் போல் அல்ல. வேண்டிய கியரை முதலில் குச்சியால் தேர்ந்து வைத்துவிடலாம். அப்போது ஒன்றும் நடக்காது. பிறகு காலடியில் உள்ள பெடலை மிதித்து விட்டால்தான் அந்தக் கியர் விழும். அதைக் கிளட்ச் என்று நினைத்து மெதுவாக, பாதி மட்டும் மிதித்தால் பெடல் எகிறி வந்து முட்டியைப் பேர்த்துவிடும். வண்டி ஓட்டிப் பழகியவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். நான் செய்தேன். வாரக்கணக்கில் நொண்டினேன். அண்ணன் வீட்டுக்கு வந்து, தைலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பயந்து பயந்து மிதிச்சா அது உதைக்கத்தான் செய்யும். முழுசா மிதி குணா."

அதற்குள் அவர் உடம்பு இளைத்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். சனிக்கிழமை கொட்டகை. எஞ்சின் உயிர் பெற்றதும் ஆ ஹோக் நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். அண்ணன் முகம் வாடிவிட்டது. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். யாரும் இழுக்காமல், தள்ளாமல், தன் கையால் அதை வெளியே கொண்டுவர வேண்டும். வண்டியின் மேலே உள்ள குறுகிய வாய் வழியாக உள்ளே இறங்க அவருக்குத் தெம்பு உண்டா என்று எல்லோரும் கமலம் அண்ணியைப் பார்த்தோம். "ஓட்டட்டும்" என்றார் அண்ணி. "விடலைன்னா செத்த பிறகும் வந்து என்னைத்தான் ஏசுவாரு."

தாங்கிப் பிடித்து இறக்கினோம். எஞ்சின் உறுமியது. நாங்கள் கைப்பேசிகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றோம். வந்ததோ வண்டியின் பின்புறம். மூக்கு உள்பக்கம் இருக்கும்படி தள்ளி வைத்தோம் என்பதே அன்றைய பரபரப்பில் எங்களுக்கு மறந்துபோயிருந்தது. "தலைவரே, கல்யாண மாப்பிள்ளை முதுகக் காட்டிக்கிட்டு வராரு!" என்று அண்ணனுக்குக் கேட்கும்படி கத்தினார் ஆ ஹோக். உள்ளிருந்து பதில் வந்தது: "முன்னால அஞ்சு கியர், பின்னால அஞ்சு கியர். இதுக்கு ரெண்டும் ஒண்ணுதான் லா!" வயல் சாலையில் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனார். பிறகு அப்படியே முன்னால் ஓட்டி வந்து, அவரே உள்ளே நிறுத்தினார். வெளியே தூக்கியபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பார்த்தாயா, சொன்னேனே என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குத் தொலைபேசிமேல் இருந்த பயம் போய்விட்டது. அதுதான் அவர் கொட்டகைக்கு வந்த கடைசி சனிக்கிழமை.

கருமாதி முடிந்த மறுவாரம் கமலம் அண்ணி செகிஞ்சானுக்கு வந்தார். "சத்தத்த ஒரு தடவ கேக்கணும்" என்றார். யார் இறங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முட்டி அடி வாங்கிய நானே இறங்கினேன். அண்ணன் கடைசியாக நிறுத்திய இடத்தில், யாரும் தொடாமல், வண்டியின் மூக்கு சுவரைப் பார்த்திருந்தது. முன்னே போவதா பின்னே போவதா என்று மாற்றும் குச்சியைத் தேடினேன். அது ஏற்கெனவே பின்பக்கம் தள்ளப்பட்டிருந்தது. கியர் குச்சி இரண்டாவதில் இருந்தது. தேர்ந்து வைத்துவிட்டு, மிதிக்காமல் அண்ணன் விட்டுப் போயிருக்கிறார். அடுத்து யார் வந்தாலும் நேராக வெளியே போகட்டும் என்று.

எஞ்சினை எழுப்பினேன். வெளியே அண்ணியின் அழுகை கேட்டது, கூடவே ஆ ஹோக்கின் விசில். அண்ணே, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். கியரை நீங்கள் போட்டு வைத்திருந்தீர்கள். நான் முழுசா மிதித்தேன்.