மச்சினன் பின்னால் ஓடிவந்த சனிக்கிழமை

இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நான் ஓடக் கிளம்பினேன். சொன்னதைச் சொன்னபடி செய்யும் வழக்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்திலேயே எனக்குக் கிடையாது.

தூத்துக்குடி கடற்கரைப் பூங்காவில் சனிக்கிழமைதோறும் விடியலில் ஒரு கூட்டம் சேர்ந்து ஓடும். உப்பளச் சாலை வழியாகப் போய், ரயில்வே கேட்டில் திரும்பி, துறைமுகச் சாலை வழியாகப் பூங்காவுக்கே வந்து சேர வேண்டும். அறுபது வயதுக்கு மேல் அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு நான் புறப்பட்டதைப் பார்த்து என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏலே, அத்தான் பொறத்தாலயே ஓடு. முன்னால போயிராத."

எங்கள் கடற்கரைப் பழக்கம் அது. முத்துக்குளித்த காலத்தில் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் இருக்கும் அவன் மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப் பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. கயிறு பிடித்தவனைச் சந்தேகப்படுவது பெரிய அவமானம். முதல் வாரம் நான் ஒருமுறை திரும்பிப் பார்த்ததற்கே, "என்ன அத்தான், நம்பிக்கை இல்லியா?" என்று என் மச்சினன் முகம் சுருங்கினான். அதற்குப் பிறகு நான் திரும்பியதே இல்லை.

அவனுக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. அவனைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. வலது காலைச் சற்றுத் தேய்த்து வைப்பான். சாலையில் சிந்திக் கிடக்கும் உப்பில் அது சரக் சரக்கென்று கேட்கும்.

அந்தச் சனிக்கிழமை காற்றே இல்லை. மற்றவர்கள் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். பாத்திகளில் நீர் அசையாமல் நின்றது. அவன் வழக்கம்போல் பேச்சுக் கொடுக்கவில்லை. மூச்சு வாங்குகிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். காலடி மட்டும் வந்துகொண்டே இருந்தது. கேட்டில் திரும்பியபோதும் கேட்டது. உப்பே இல்லாத துறைமுகச் சாலையிலும் அதே சரக் சரக். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முதுகு சில்லிட்டது, அவ்வளவுதான்.

பூங்கா வாசலில் பிளாஸ்கோடு நின்ற என் மனைவி என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

"தம்பிய எங்க?"

"பொறத்தால வாராம்லா."

"பொறத்தால ஆரும் இல்லியே."

திரும்பினேன். வெறும் சாலை. சத்தம் அப்போதுதான் நின்றது.

ஆட்டோ பிடித்து, ஓடிய வழியிலேயே தேடிப் போனோம். உப்பளச் சாலை தொடங்கும் இடத்திலேயே, ஒரு உப்புக் குவியலின் ஓரத்தில் குப்புறக் கிடந்தான். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே விழுந்திருக்கிறான். மூச்சு நூல்போல ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் என் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகிலேயே நின்றாள். என்னைக் காப்பாற்ற அவனை அனுப்பியவள் அவள்தான். அந்த எண்ணமே அவளைத் தின்றுகொண்டிருந்தது. எதிரே அவன் மனைவி உட்கார்ந்து, வியர்வை காயாத என் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போய்விட்டால் இந்த இரண்டு பெண்கள் முகத்திலும் நான் எப்படி விழிப்பேன் என்று நடுங்கினேன்.

சில நாள் கழித்து அவனைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் கண் திறந்தாலும் யாரையும் அவன் கவனிப்பதில்லை, பேசுவதும் இல்லை. ஒரு நாள் நான் தனியாக அருகில் இருந்தபோது வாய் திறந்தான்.

"அத்தான், கேட்டுப் பக்கத்துல படுத்திருந்த அந்தக் கருப்பு நாய ஏன் அவ்வளவு ஒட்டிப் போனீய? கடிச்சிருந்தா?"

நாய் படுத்திருந்தது உண்மை. நான் ஒட்டிப் போனதும் உண்மை. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் இவன் உப்பில் முகம் புதைத்துக் கிடந்தான்.

"ஒங்க முதுக விட்டு நான் கண்ண எடுக்கல அத்தான்."

அப்போதும் அவன் பார்வை என் முகத்தில் இல்லை. தனக்கு முன்னால் எங்கோ ஒரு முதுகைத் தொடர்வதுபோல் சுவரில் நிலைத்திருந்தது. போர்வைக்குள் வலது கால் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பயமும் அழுகையும் எனக்குச் சேர்ந்தே வந்தன. அவன் கையைப் பிடித்தேன்.

"ஏலே, நான் வந்து சேந்துட்டேன். நீயும் வந்துரு."