இரண்டு கையாலும் ஊற்றியவர்

டாக்ஸி ஓட்டிப் பழகிய பியோ குவாங்சோக்குக்குப் படுக்கையில் இருப்பு கொள்ளாது. கொரியாவின் தேஜோன் நகரில் எங்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை நாளெல்லாம் அளந்துகொண்டிருப்பார். உட்காரச் சொன்னால், சிவப்பு விளக்கு போடு, நிற்கிறேன் என்பார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. ஒரே மகள் சேவோன். மூளைக்கட்டியை ஒருமுறை அறுத்தும் அது திரும்பி வந்துவிட்டது. மிச்சமிருந்தது எங்கள் சோதனை மருந்து ஒன்றுதான். அதற்கு நான் நர்ஸ்.

செல்கள் ஒன்றுக்கொன்று சரக்கு அனுப்ப உதிர்க்கும் நுண்பைகளை எடுத்து, கட்டியைத் தேடிப் போகும்படி அவற்றின் தோலை மாற்றுகிறார்கள். உள்ளே, உடம்பின் காவல்படையை உசுப்பிவிடும் மருந்து. வெறுமனே ஏற்றினால் அந்த மருந்து உடம்பையே புரட்டிப்போட்டுவிடும். டாக்டர் இதை விளக்கியபோது பியோ கேட்டது ஒன்றுதான்.

"அப்ப பைதான் டாக்ஸி, மருந்து சவாரி. டிரைவருக்கு வழி தெரியலன்னா?"

ஒரு நிபந்தனை இருந்தது. படை எழுந்து சண்டை போட்டால் மூளை வீங்கும். தலை வலிக்கும், கை தளரும். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை கைகண்ட மருந்துதான். ஆனால் எழுந்த படையையும் அது தூங்க வைத்துவிடும். எங்களைக் கேட்காமல் அதைத் தொட்டால் அடுத்த டோஸ் தள்ளிப்போகும். அவருக்கோ தள்ளிப்போட நாளில்லை.

முதல் டோஸுக்குப் பின் இடது கை துவண்டது. வீட்டுக்குப் போனவர் அடுத்த டோஸுக்குத் திரும்பி வந்தபோது அதே கையை வீசி நடந்தார். வார்டே குதூகலித்தது, நானும்தான். பிறகு தன் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரரின் சோற்றையும் கேட்டார். தூக்கமே வரவில்லை என்றார். அந்தப் பசியும் பரபரப்பும் எதனால் வரும் என்று எங்கள் வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

"மாத்திரை போட்டீங்களா, அண்ணே?"

அவர் மறைக்கவில்லை. ஆபரேஷன் சமயத்தில் வாங்கியவை வீட்டில் மிஞ்சிக் கிடந்தனவாம். சேவோனுக்குச் சம்பந்தம் கூடி வந்து, இரு வீட்டாரும் முறைப்படி சந்திக்கும் விருந்து நடந்திருக்கிறது. பெண்ணின் தகப்பனுக்கு மூளையில் கட்டி என்றால் மாப்பிள்ளை வீடு பின்வாங்கிவிடும் என்று பயம். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மகளுக்கும் உத்தரவு.

"சம்பந்திக்கு ஒத்தக் கையால சோஜு ஊத்தச் சொல்றியா, தங்கச்சி? மரியாதை தெரியாதவன் மகள்னு அவளத்தானே பேசுவாங்க."

மதிப்புக்குரியவருக்கு மது ஊற்றினால் இரண்டு கையாலும் ஊற்றுவதுதான் எங்கள் ஊர் மரியாதை. ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருப்பேன். டாக்டரிடம் சொன்னேன். மாத்திரையின் வீரியம் இறங்கும்வரை டோஸ் கிடையாது என்றார். நாங்கள் காத்திருந்தோம், கட்டி காத்திருக்கவில்லை. கை மறுபடி தொங்கியது, கால் இழுத்தது, பேச்சு திக்கியது. சக்கர நாற்காலியை ஒற்றைக் கையால் தள்ளித் தள்ளிச் சுவரில் முட்டுவார்; விலக்கிவிட்டால் மறுபடி தள்ளுவார். கடைசியில் கட்டி வரம்பு மீறிவிட்டதென்று அவரைச் சோதனையிலிருந்தே நீக்கினார்கள். அந்த டோஸ் காப்பாற்றியிருக்குமா? யாருக்கும் தெரியாது. அதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது.

அன்று மாலையே சம்பந்தி வந்தார், கையில் சிப்பிக் கஞ்சியோடு. கில் சோங்டே, இரும்புக்கடைக்காரர். வாசலை மறித்து, பியோவுக்கு முதுகு வலி என்று கூசாமல் புளுகினேன்.

"வேணாம்மா," என்றார் அவர். "சேவோன் மொத நாளே எல்லாத்தையும் சொல்லிட்டா. சம்மதம்னா பேசுவோம், எங்கப்பாகிட்ட மட்டும் காட்டிக்காதீங்கன்னா. அந்தத் தைரியத்துக்காகத்தான் என் வீட்டுக்காரிக்கு அவளப் புடிச்சுது. விருந்துல அவரு ஒண்ணுமில்லாத மாதிரி இருந்தாரு. நாங்களும் அப்படியே இருந்துட்டோம்."

மரியாதை, மரியாதை என்று ஆளுக்கு ஆள் வாயை மூடிக்கொண்டு ஒரு மனிதனைத் தொலைத்திருக்கிறோம்! எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பின்னால் நாற்காலி சுவரில் முட்டும் சத்தம் கேட்டது. பியோ எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

அழுவார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துக் கேட்டார்.

"அன்னைக்கு... நான்... சிந்தலையே?"

கில் அவர் எதிரே குனிந்து, கஞ்சிப் பாத்திரத்தைத் தரையில் வைத்தார்.

"ஒரு சொட்டு சிந்தல, சம்பந்தி."