காய்ந்த மாவுக்கட்டு

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், பதினொன்றரைக்கு எங்கள் பட்டறையில் டீ. அதற்குள் இன்னும் ஒரு வரிசை அச்சைப் பிரித்துவிடலாமா என்று அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். இரண்டு கையிலும் பிளாஸ்டர் மாவு. முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஸ்டேஷன்லேருந்து ஏட்டு பேசறேம்மா. உங்க பொண்ணு இங்கதான் ஒக்காந்திருக்குது. ஒண்ணும் பயப்பட வேணாம். நீங்களே வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்கன்னா மரியாதையாப் போயிடும்.”

பக்கத்தில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த பெண்கள் பிரஷ்ஷை நிறுத்திவிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஆட்டோ பிடித்தேன்.

நான் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக அச்சு வேலை பார்க்கிறேன். டிப்ளமா படித்தவள். பொம்மையோ கப்போ, எதை வார்ப்பதானாலும் முதலில் பிளாஸ்டரில் அச்சு வேண்டும். அந்த அச்சைச் செய்வதும், காய வைப்பதும், காய்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வதும் என் பொறுப்பு. ஈர அச்சில் களிமண் கூழை ஊற்றினால் பொம்மை பிரியாது. ஒரு நாள் வேலை குப்பைக்குப் போகும். அதனால் கண்ணால் பார்த்து நம்ப மாட்டோம். விரல் முட்டியால் தட்டுவோம், கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஈரமென்றால் மொத்தென்று கேட்கும், சில்லென்று இருக்கும். காய்ந்ததென்றால் கணீரென்று கேட்கும், எடை குறைந்திருக்கும். இதில் நான் தவறிய நாட்கள் குறைவு.

வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவளுக்கு இருபத்து நான்கு வயது. அரசு வேலைக்கான தேர்வு எழுதித் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருந்தாள். காத்திருக்கிற நேரத்தில் ஒரு சிறிய குழுவோடு சேர்ந்து அலைந்தாள். போராட்டங்களில் கைதானவர்களுக்கு வக்கீல் பார்ப்பது, சிறையில் இருப்பவர்களுக்குக் கடிதம் போடுவது, அவர்கள் வீட்டு வயதானவர்களை பஸ்ஸில் கூட்டிப்போய் மனு எழுதிக் கொடுத்துப் பார்க்க வைப்பது, இதுதான் அவர்கள் வேலை. வேலை கையில் கிடைக்கட்டும், அப்புறம் ஊருக்கு உழைக்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே கிளம்பிப் போவாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு டிராக்டர் டிரைவரை டீக்கடையில் வைத்துத் தூக்கிப் போயிருந்தார்கள். ஏரி மண்ணை அளவுக்கு மேல் வெட்டிக்கொண்டு போன லாரிகளை ஊரோடு நின்று மறித்தவன். அதிகாரியைத் தாக்கினான் என்று வழக்கு. இருபத்து நான்கு மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். மூன்று நாளாகியும் அவன் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அவனுடைய அம்மா ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கிவிட்டு என் மகளிடம் வந்திருக்கிறார். இருவரும் வியாழக்கிழமை காலையில் போய், பதில் தெரியாமல் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அம்மாவை வெளியே கேட்டருகே தள்ளிவிட்டு, மகளின் போனைப் பிடுங்கி உள்ளே உட்கார வைத்திருந்தார்கள்.

நான் உள்ளே போனபோது இன்ஸ்பெக்டர் நல்ல மனநிலையில்தான் இருந்தார்.

“வாங்கம்மா. ஒங்க பொண்ணு வந்ததுலேருந்து அரசியல் கைதி, அரசியல் கைதின்னு பேசுது. எந்தக் கட்சிம்மா அவன்? வார்டு மெம்பருக்குக்கூட நின்னது இல்லியே.”

ரைட்டர் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

“கட்சியில இருந்தாத்தான் அரசியலா சார்?” என்றாள் மகள். “ஏரிய வெட்டாதன்னு சொன்னதுக்குத்தானே புடிச்சீங்க?”

“பாப்பா, சும்மா இரு” என்றேன். அன்றைக்கு அதை எத்தனை முறை சொன்னேனோ.

அப்போது பின்பக்கத்திலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகக் கிளப்புகிறார்கள் என்று தெரிந்தது. வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

“நேத்து ராத்திரிதாம்மா அரெஸ்ட் காட்டியிருக்கோம். காலைல பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான். இப்பதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி கட்டுப் போட்டுக்கிட்டு வரோம்” என்றார் இன்ஸ்பெக்டர், நான் கேட்காமலேயே.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையில் கட்டோடு வரிசையாக நிற்கும் ஆட்களின் போட்டோவும், போலீஸ் பாத்ரூம் ரொம்ப வழுக்குதாம் என்ற கேலியும் வாட்ஸ்அப்பில் வந்தால் நானும் சிரித்திருக்கிறேன். எங்கள் பட்டறை குரூப்புக்கு அனுப்பியும் இருக்கிறேன். யாரோ ரவுடி, வாங்கட்டும் என்றுதான் நினைத்தேன். உடைக்கும்போது என்ன சத்தம் வந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அவன் காலையும் இழுத்துத்தான் நடந்தான். வாசல்படியில் தடுக்கி என் பக்கம் சாய்ந்தான். விழாமல் இருக்கச் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். கட்டு லேசாக இருந்தது. ஈரமில்லை, சில்லிப்பு இல்லை. ஓரம் தேய்ந்து அழுக்கேறி, நூல் பிரிந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம், விரல் முட்டியால் தட்டினேன். கணீரென்றது.

“இது காஞ்ச கட்டாச்சே” என்றேன், பட்டறையில் பேசுகிற அதே குரலில். “இன்னிக்குப் போட்டது இல்லியே. ரெண்டு நாளாவது ஆயிருக்குமே.”

கேட்டருகிலிருந்து அவன் அம்மா கத்தினார். “செவ்வாக்கெழமயே ஒடச்சுட்டீங்களாடா பாவிங்களா!”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். “டாக்டரா நீங்க?”

“இல்ல சார். செராமிக்.”

“பொம்ம செய்யிறவ பொம்மையப் போயி தட்டு.”

ஒரு வாக்கியத்துக்குள் ‘நீங்க’ போய்விட்டது.

அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் மகளை அனுப்பவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பன்னிரண்டரைக்கு அவளோடு வீட்டில் சோறு தின்றிருப்பேன். இப்போது அவளைப் பக்கத்து அறைக்கு மாற்றி ஒரு பெண் போலீஸைக் காவலுக்கு வைத்துவிட்டு, ரைட்டர் டைப் அடிக்க ஆரம்பித்தார். அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தது. இன்னும் இரண்டு மூன்று பிரிவு. நாலு மணி வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தேன். தண்ணீர் கேட்டதற்கு வெளியே குழாய் இருக்குது என்றார்கள்.

நாலு மணிக்கு மேல் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். குரல் திரும்ப மரியாதைக்கு வந்திருந்தது.

“பொண்ணு பரீச்ச பாஸ் பண்ணியிருக்குதாமே. நல்ல விஷயம். போலீஸ் வெரிஃபிகேஷன் எங்கிட்டதாம்மா வரும். கேஸு ஒண்ணு இருந்துதுன்னா நான் என்ன எழுத முடியும், சொல்லுங்க?”

நான் அழுதேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

“ஒண்ணும் பெருசா வேணாம். நீங்க பாத்தத நீங்களே ஒங்க கைப்பட எழுதிக் குடுங்க. கூட்டிக்கிட்டுப் போங்க.”

நான் பார்த்தது என்ன என்பதை ரைட்டர் சொன்னார், நான் எழுதினேன். இன்று காலை ஸ்டேஷன் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கைதியே என்னிடம் சொன்னார். கட்டு இன்று போட்டதுதான், ஈரமாக இருந்தது. எனக்கு யார் மீதும் புகார் இல்லை. படித்துப் பார்த்தேன், சரி. கையெழுத்துப் போட்டேன்.

“கையெழுத்து முத்து மாதிரி இருக்குதும்மா” என்றார் ரைட்டர். படித்தவளின் கை வேண்டும் என்றுதான் என்னையே எழுத வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வழியில் மகள் கேட்டாள். “எப்படிம்மா விட்டாங்க?”

“அந்த ஏட்டு தெரிஞ்சவரு.”

நம்பினாள். அதுதான் இன்னும் எரிகிறது. அன்று என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, “நீ தட்டுன பாரு, அவரு மூஞ்சியே போயிடுச்சு” என்று சிரித்துக்கொண்டு வந்தாள். குழுவில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஜாமீன் மனு வந்தபோது அரசுத் தரப்பு என் கடிதத்தைக் காட்டியது. ஜாமீன் கிடைக்கவில்லை. வக்கீல் அதைப் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியில் நின்ற என் முன்னால் போனைப் பிடித்தாள்.

“இது நீதானே?”

“ஒன் வேலைக்காகத்தான்...”

“நான் கேட்டனாம்மா? எனக்காகப் பொய் எழுதுன்னு நான் கேட்டனா?”

“நீ கேக்கல. நான் பெத்தவ.”

“அவனையும் ஒருத்தி பெத்துருக்கா. கேட்டுக்கு வெளியதான் நின்னா. பாத்தல்ல?”

அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டைகூடப் போடவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

வக்கீலை நானே போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வியாழக்கிழமை என்றுதான் எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றார். “செவ்வாக்கெழம ஒடச்சாங்கன்னு சொல்ல வெளி ஆளு நீங்க ஒருத்தர்தாங்க. எழுதினது மெரட்டி வாங்கினதுன்னு பிரமாண வாக்குமூலம் குடுக்கலாம். ஆனா நிச்சயமா ஒங்க மேலயும் பாய்வாங்க, பாப்பா மேலயும் பாய்வாங்க. யோசிச்சுக்கிட்டு வாங்க.”

யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கோபம்தான் இருந்தது, பெரும்பாதி என் மேல். மெடிக்கலில் அதே மாவுக்கட்டுத் துணி இரண்டு சுருள் வாங்கினேன். பட்டறையில் ஒரு குழாய்த் துண்டில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, முழங்கை அளவுக்குக் கட்டினேன். மணிக்கொருதரம் தட்டினேன், கன்னத்தில் வைத்தேன், நோட்டில் எழுதினேன். கால் மணியில் இறுகிவிட்டது. ஆனால் அன்று சாயங்காலமும் சில்லென்றுதான் இருந்தது. மறுநாள் காலை மொத்தென்றது. அதற்கும் மறுநாள்தான் கணீர்.

“யாருக்குக்கா கை ஒடஞ்சுது?” என்று கண் எழுதுகிற பெண் கேட்டாள்.

சொன்னேன். கடிதம் எழுதியதையும் சொன்னேன். “நானா இருந்தாலும் எழுதியிருப்பேங்க்கா” என்றாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. நாங்கள் எல்லோரும் எழுதுவோம் என்று தெரிந்துதானே அந்த நாற்காலியைப் போடுகிறார்கள்.

அந்த நோட்டை வைத்து வக்கீல் வாக்குமூலத்தை டைப் அடித்துக் கொடுத்தார். கொண்டுவந்து பிரிட்ஜ் மேல் வைத்தேன். அதற்கடுத்த நாள் ஏட்டு பட்டறைக்கே வந்தார். சாதாரண உடுப்பில், பொம்மை பார்க்க வந்தவர்போல ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“கோர்ட்டு பக்கம் போறீங்களாமே. ஒங்க நல்லதுக்குச் சொல்றேம்மா. மொத எழுதினது பொய்யின்னா, பொய் எழுதினதுக்கு ஒங்களத்தான் மொதல்ல உள்ள வெப்பாங்க.” ஒரு சின்னப் பிள்ளையார் பொம்மையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இது நல்லா இருக்குது. போயிட்டு வரேன்.”

முதலாளி பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காகிதம் மேலும் நாலு நாள் பிரிட்ஜ் மேலேயே கிடந்தது. ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் பார்ப்பேன். மகளும் பார்ப்பாள். கையெழுத்துப் போடு என்று ஒரு தரம்கூட அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வாசலில் அவனுடைய அம்மா நின்றார். மகள் கூட்டி வரவில்லை, அவளுக்கே தெரியாது. முந்தின நாள் சிறையில் மகனைப் பார்த்துவிட்டு, விலாசம் விசாரித்துத் தானாகவே பஸ் ஏறி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

“கட்ட அவுத்துட்டாங்க. கோணலா கூடியிருக்குது. இனிமே ஸ்டேரிங் புடிக்க முடியாதுன்னு சொல்றான்.”

கும்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் வேணாம். வக்கீல் சொன்னாரு, எழுதியிருக்கியாமே, எங்க?”

எடுத்து வந்து, நின்றபடியே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். மகள் அறைக் கதவருகில் நின்று பார்த்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டு.”

படித்தேன். கட்டு காய்ந்திருந்தது. தட்டினேன். அதைச் சொன்னதற்காக மகளைப் பிடித்து வைத்தார்கள். பயந்து பொய் எழுதிக் கொடுத்தேன். அந்த இடம் வந்ததும் என் குரல் உள்ளே போய்விட்டது. எப்படியோ முடித்தேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினார்.

“வெள்ளிக்கெழம பத்து மணிக்குக் கோர்ட்டு. இப்ப படிச்ச மாதிரி அங்க முணுமுணுன்னு படிக்காத. அவனுங்க காதுல வுழணும்.”